உடம்புச் சூடு என்று நினைத்திருந்தது

ஜூன் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலக நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

துறைமுகச் சாலையில், ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். அன்று ஒரு கன்டெய்னர் எண்ணை அடித்து முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் நடந்தேன். ஜன்னலருகே போய் நின்றேன். பக்கத்து மேசைக்காரி, "கொஞ்சம் உக்காரு ஜெசி, உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

ஜெசி என்பது என் உண்மையான பெயர் இல்லை. மற்றதையெல்லாம் நடந்தபடியே எழுதுகிறேன். நான் நின்ற இடத்தில் இன்று வேறொரு பெண் நின்றுகொண்டிருக்கலாம். யாரிடமும் கேட்க முடியாமல் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கலாம். அவளுக்காக இது.

பிறப்புறுப்பின் ஓரத்தில் எரிச்சல். சிறுநீர் கழிக்கும்போது மிளகாய் பட்டதுபோல் இருந்தது. முந்தைய வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தேன். எங்கள் ஊரில் ஜூன் மாதக் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் இருக்கும். உடம்புச் சூடு என்று நினைத்து இரண்டு இளநீர் குடித்தேன். மருந்துக் கடையில் அரிப்புக்கு என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். அதைத் தடவியதும் எரிச்சல் இரட்டிப்பானது.

புதன்கிழமை குளியலறையில் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு வயதில் என் உடம்பின் அந்தப் பகுதியை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிறு சிறு நீர்க்கொப்புளங்கள், கொத்தாக. இரண்டு உடைந்து புண்ணாகியிருந்தன. இடுப்பு மடிப்பில் நெரிகட்டியிருந்தது. அக்கி என்று நினைத்தேன். அக்கி அங்கேயெல்லாம் வருமா என்று தெரியவில்லை.

என் கணவர் ஸ்டீபன் அப்போது மணப்பாட்டில் தன் அண்ணன் வீட்டில் இருந்தார். படகுக்கு இன்ஜின் மாற்றுகிறார்கள் என்று உதவிக்குப் போயிருந்தார். அவர் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்ப்பவர். ஒன்பது மாதம் கடலில், மூன்று நான்கு மாதம் வீட்டில். கப்பலிலிருந்து இறங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அந்த மூன்று வாரம் என்ற கணக்கு மருத்துவமனைக்குப் போகும் ஆட்டோவிலேயே என் தலைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

பெண்கள் நல மருத்துவர் திரைக்குப் பின்னால் வைத்து ஒரு நிமிடம்தான் பார்த்தார். புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் நீர் எடுத்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, பார்த்தால் ஹெர்பிஸ் மாதிரிதான் தெரிகிறது என்றார் (ஒரு வகை நுண்கிருமியால் வரும் கொப்புள நோய், அக்கியை உண்டாக்கும் கிருமி இதற்குச் சொந்தம், ஆனால் அது வேறு, இது வேறு). இது உடலுறவில் பரவுவது என்றும் சொன்னார். பிறகு, வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்.

"கப்பல்ல" என்றேன்.

"ம்" என்றார். மாத்திரைச் சீட்டு எழுதிவிட்டு, பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகரைப் பார்த்து இரத்தப் பரிசோதனைகளையும் முடித்துவரச் சொன்னார். அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த "ம்" எனக்குத் தீர்ப்புபோல் இருந்தது.

ஆலோசகர் என் வயதுக்காரப் பெண். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு, ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். எத்தனை வயதில் முதல் உறவு? இதுவரை எத்தனை பேர்? ஆணுறை பயன்படுத்துவதுண்டா? வெள்ளைப்படுதல், வேறு தொற்று ஏதாவது வந்திருக்கிறதா? நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் எடுக்கிறேனா? இதற்கு முன் இப்படிப் புண் வந்ததுண்டா?

இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எத்தனை பேர் என்ற இடத்தில் மட்டும் குரல் உயர்ந்துவிட்டது. "ரெண்டு பேரு. ரெண்டு பேருமே தாலி கட்டுனவங்க."

அவர் எழுதிக்கொண்டார். முகத்தில் எதையும் காட்டவில்லை.

என் முதல் கணவர் அமலன் ஐந்து வருடத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துபோனார். உப்பு நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கராக இருந்தார். காலை பூசை தவறமாட்டார். சிகரெட்டோ மதுவோ தொட்டதில்லை. மாலை ஆறரைக்கு அவர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கும். அவர் போன பிறகு மூன்று வருடம் தனியாக இருந்துவிட்டு ஸ்டீபனைக் கட்டிக்கொண்டேன். ஸ்டீபனுக்கு அது முதல் திருமணம். நாற்பது வயது மாலுமி இத்தனை நாள் ஏன் கல்யாணம் பண்ணாமல் இருந்தான் என்று அப்போதே சிலர் கேட்டார்கள்.

ஆலோசகர் அன்று சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. பின்னால் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தக் கிருமி ஆணைவிடப் பெண்ணை எளிதாகப் பிடிக்கிறது. நம் உறுப்பின் அமைப்பு அப்படி. உள்ளே மென்மையான சவ்வு, பரப்பும் அதிகம், மெல்லிய கீறல் போதும். துணைவர்களின் எண்ணிக்கை கூடினால் ஆபத்து கூடும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது, ஏனென்றால் அது மூடாத இடத்துத் தோலிலிருந்தும் கிருமி வரும். பிறப்புறுப்பில் வேறு தொற்று இருந்தால் இது நுழைவது சுலபம். இது இருந்தால் எச்.ஐ.வி. நுழைவது சுலபம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கிருமி உள்ள பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. புண் எதுவும் இல்லாத நாளிலும் தோலிலிருந்து கிருமி வெளிப்பட்டுக்கொண்டிருக்கும்.

அன்று நான் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். உடலுறவில் பரவுவது. நான் ஊரைத் தாண்டாதவள். ஸ்டீபன் துறைமுகம் துறைமுகமாகப் போகிறவர்.

ஸ்டீபன் மறுநாள் மாலை ஊளி மீனோடு வந்தார். அடுப்படித் தொட்டியருகே நின்று மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டில் இருக்கும் நாட்களில் மீன் வேலை அவருடையது. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலைந்து தடவை நடந்தேன்.

"ஏளா, என்ன? நடையா நடக்க" என்றார்.

சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். எப்படி வருவது என்பதையும் சொன்னேன். பிறகு, "இது நீங்க கொண்டு வந்தது" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார். குழாயைத் திறந்து கையை வெகுநேரம் கழுவினார். கோபப்படுவார், இல்லை என்று சத்தியம் செய்வார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அதற்கான பதில்களைக்கூட ஆட்டோவிலேயே தயார் செய்துவைத்திருந்தேன். அவர் எதையும் மறுக்கவில்லை.

"ரொம்ப வலிக்கா?" என்று கேட்டார். பிறகு, "நான் ரத்தம் குடுக்கணுமா?" என்றார்.

"குடுக்கணும்."

"சரி. நாளைக்கே குடுக்கேன்."

மறுக்காததே எனக்குச் சாட்சியாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் முன்னறையில் படுத்தார். சமையல் செய்தேன், பரிமாறினேன், பேசவில்லை. அவர் தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தேன். தட்டால் இது பரவாது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். தெரிந்தும் செய்தேன்.

மாத்திரை அசைக்ளோவிர் (கிருமி பெருகுவதைத் தடுப்பது, உடம்பிலிருந்து முழுதாக விரட்டாது), நாளுக்கு மூன்று வேளை, பத்து நாள். முதல் நான்கு நாட்கள் மோசம். வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்து, நீருக்குள்ளேயே சிறுநீர் கழித்தால் எரிச்சல் குறையும் என்று செவிலியர் சொல்லித் தந்தார். உண்மையிலேயே குறைந்தது. தளர்ந்த பருத்திப் பாவாடை, உலர்ந்த துணி. இவையெல்லாம் சிறிய விஷயங்கள், ஆனால் அந்த நான்கு நாளில் இவைதான் பெரியவை. ஆறாம் நாள் புண்கள் காய்ந்து பொருக்கு விட்டன.

உடம்பு ஆறியது. நான் ஆறவில்லை. அலுவலகத்திலிருந்து வந்ததும் வீட்டில் இருக்க முடியாமல் கடற்கரைச் சாலைக்குப் போவேன். ரோச் பூங்காவுக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் இடையில் நடப்பேன். வெளிநாட்டுக் கப்பல்கள் உள்ளே வருவதற்காக நங்கூரமிட்டு நிற்பது தெரியும். ஒவ்வொன்றையும் பார்த்து, எந்தத் துறைமுகத்தில், எந்த வருடம், எப்படிப்பட்ட பெண் என்று யோசிப்பேன். எனக்குத் தெரியாத அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் கொடுத்து, சேலை வேறு உடுத்திவிட்டேன். வெளிநாட்டுப் பெண் சேலை கட்டமாட்டாள் என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

என் முடிவுகள் முதலில் வந்தன. எச்.ஐ.வி. இல்லை, மேகநோய் (சிபிலிஸ்) இல்லை. புண்ணிலிருந்து எடுத்த நீரில் ஹெர்பிஸ் இரண்டாம் வகை உறுதி. என் இரத்தத்திலும் அதற்கான ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு தானாக உருவாக்கும் பொருள்) நிறைய இருந்தது. அது உருவாகப் பல வாரங்கள் ஆகும் என்றார் ஆலோசகர். அதாவது மூன்று வாரத்துக்கு முன் வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. இது பழையது.

போன வருடமும் அவர் வீட்டில் இருந்தாரே, அப்போது வந்திருக்கும் என்று உடனே சொன்னேன். ஆலோசகர் என்னைப் பார்த்தார். "இருக்கலாம். அவங்க ரிசல்ட்டும் வரட்டும்மா" என்றார்.

ஸ்டீபனுடைய முடிவு வந்த அன்று இருவருமே போயிருந்தோம். முதலில் அவரைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். நான் வராந்தாவில் நின்றேன். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மூன்று தடவை படித்தேன்.

அவர் வெளியே வந்து தாளை என்னிடம் நீட்டினார். "நீயே பாரு."

இரண்டாம் வகை ஆன்டிபாடி இல்லை என்று இருந்தது.

உள்ளே ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பரிசோதனை தப்பாக இருக்கலாமே என்று கேட்டேன். இருக்கலாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் ஆலோசகர். ஆனால் வெளிநாட்டில் எப்போதோ பிடித்து, அவர் எனக்குக் கொடுத்திருந்தால் இந்நேரம் அவர் இரத்தத்தில் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார்.

"அப்ப எனக்கு எங்கன இருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். "இந்தக் கிருமி முதுகுத்தண்டு அடியில நரம்பு முடிச்சுக்குள்ள போய் இருந்துக்கிடும்மா. வருசக்கணக்குல சத்தமே காட்டாது. ஒரு காய்ச்சல், ஒரு அலைச்சல், தூக்கமில்லாம இருக்கது, ஏதோ ஒண்ணுல மேல வரும். நிறைய ஆள் வேணும்னு இல்ல. ஒரே ஆள் போதும். அது கல்யாணம் பண்ணுன ஆளாவும் இருக்கலாம்."

ஒரே ஆள். நான் அதுவரை ஒரு முறைகூட அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, உட்காராமல், துணி மடித்தேன். மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அமலனைக் கட்டிக்கொண்ட முதல் மாதம். பயங்கரமான காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, சிறுநீர் கழிக்க முடியாமல் அழுதேன். புதுப்பெண்ணுக்கு நீர்க்கடுப்பு என்றார்கள். நீராகாரமும் வெந்தயமும் கொடுத்தார்கள். ஒரு மருத்துவர் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை தந்தார். கீழே பார்க்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இரண்டு வாரத்தில் சரியானது. அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. ஆலோசகர் அன்று, இதற்கு முன் வந்ததுண்டா என்று கேட்டபோது, இல்லை என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அது நீர்க்கடுப்பு.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை அமலன், "உடம்பு சூடாக் கெடக்கு" என்று சொல்லி இரண்டு மூன்று நாள் தள்ளிப் படுப்பார். தொடை இடுக்கில் சூட்டுக் கொப்புளம் என்பார். உப்பளத்துப் பக்கம் வேலை, வேனலில் யாருக்குத்தான் வராது என்பார். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பார். நானே எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன்.

அவருக்கும் தெரியாது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். தெரிந்திருந்தால் என்ற யோசனை வரும்போதெல்லாம் எழுந்து நடப்பேன். கேட்பதற்கு ஆள் இல்லை. ஸ்டீபனிடம் ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டேன். அமலனிடம் கேட்க வழியே இல்லை.

ஸ்டீபனிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. ஞாயிறு பூசை முடிந்து, பழைய துறைமுகத்துப் பக்கம் தோணிகள் கட்டியிருக்கும் இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னேன். மாலத்தீவுக்கு வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அமலனைப் பற்றிச் சொன்னேன். முதல் மாதத்துக் காய்ச்சலைச் சொன்னேன். "உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் தோணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டப்ப நான் ஏன் சும்மா இருந்தேன்னு நெனச்ச?"

"தெரியல."

"எனக்கே நான்தான்னு தோணுச்சு. அதான்." ஸ்கூட்டர் சாவியைத் திருகிக்கொண்டே சொன்னார். "இருபத்தஞ்சு வயசுல, மொத மொதக் கப்பல்ல போனப்ப, ரெண்டு வாட்டி. கூட இருந்தவங்க போனாங்க, நானும் போனேன். அதுக்குப் பெறகு கெடையாது. ஆனா போகலன்னு உன்ட்ட எப்படிச் சொல்ல? பரிசோதனைத் தாள் வரதுக்குள்ள நான் செத்துட்டேன் ஜெசி."

எனக்கு என்ன உணர்வு வந்தது என்று இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கோபம் கொஞ்சம், அதைவிட வெட்கம். ஆபத்தான இடத்துக்குப் போய்வந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறரைக்குத் தவறாமல் வீடு திரும்பியவரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. யார் ஒழுக்கமானவர் என்று பார்த்து இந்தக் கிருமி போவதில்லை. ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்வது வாய்ப்பைத்தான். நான் அதைக் குற்றப் பட்டியலாகப் படித்துவிட்டேன். இதை வாசிப்பவர்கள் அப்படிப் படிக்க வேண்டாம்.

அதோடு முடியவில்லை. அவருக்கு இல்லை என்றால், இனி என்னிடமிருந்து அவருக்கு வரலாம். இரண்டு வாரமாக அவர் தட்டைத் தனியாக வைத்தவள் நான்.

எங்களுக்குக் குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தது. அமலனோடு இருந்த காலத்தில் தங்கவில்லை. முப்பத்தாறு வயது. ஸ்டீபன் வருடத்தில் மூன்று மாதம்தான் கரையில் இருப்பார். ஆணுறை போட்டால் குழந்தை இல்லை, போடாவிட்டால் அவருக்கு ஆபத்து. இந்த முடிச்சோடு மறுபடி பெண்கள் நல மருத்துவரிடம் போனோம்.

அவர் அன்று நேரம் எடுத்துப் பேசினார். தினம் ஒரு வாலாசைக்ளோவிர் மாத்திரை (முன்பு எடுத்ததன் வகைதான்) எடுத்துவந்தால் புண் வருவதும் குறையும், துணைவருக்குப் பரவுவதும் ஏறத்தாழப் பாதி குறையும் என்றார். கருத்தரிக்கக்கூடிய சில நாட்களில் மட்டும் ஆணுறை இல்லாமல் சேரலாம். சிறு அறிகுறி தெரிந்தாலும் கூடாது. குழந்தைக்கு ஆபத்து பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாக நோய் பிடிக்கும் தாய்மாருக்குத்தான். எனக்கு இருப்பது பழையது என்பதால், என் ஆன்டிபாடியே குழந்தைக்கும் ஓரளவு பாதுகாப்பு. முப்பத்தாறாவது வாரத்திலிருந்து மாத்திரை தருவார்கள். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் அறுவை செய்து எடுப்பார்கள்.

"ஆனால் ரிஸ்க் சுத்தமாக இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்தான் முடிவு பண்ண வேண்டும்" என்றார்.

வெளியே வந்ததும், உடனே பதில் சொல்ல வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். ஸ்டீபன் சரி என்றார். அவர் அண்ணன் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர், அதில் ஒரு காது கேட்காமல் போய்விட்டது. குடும்பத்தில் ஆபத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசும் வழக்கம் கிடையாது. இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டே, "மூணு மாசத்துல அந்த ரெண்டாவது ரத்தம் எடுக்கணும்லா, அதையும் எடுத்துட்டு ஆரம்பிப்போம். எனக்கு வந்தா வரட்டும். உனக்கு இருக்கதுதான எனக்கும் இருக்கும்" என்றார்.

பெருந்தன்மை காட்டுகிற குரல் இல்லை. இன்ஜின் பாகம் எது வாங்கலாம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் என்னால் கேட்க முடிந்தது.

அக்டோபர் தொடக்கத்தில் இரண்டாவது முடிவும் அவருக்கு இல்லை என்றே வந்தது. கப்பல் நிறுவனத்திடம் இரண்டு மாதம் கூடுதல் விடுப்புக் கேட்டு வாங்கினார்.

நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள். வருடந்தோறும் அமலனின் அம்மாவோடு கல்லறைக்குப் போவேன். நான் மறுமணம் செய்துகொண்ட பிறகும் அவர் என்னை விடவில்லை. இந்த முறை போகாமல் இருக்கலாமா என்று காலையிலிருந்து வீட்டுக்குள்ளேயே சுற்றினேன். கடைசியில் போனேன்.

கல்லறையைக் கழுவி, சாமந்திப்பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். வெயில் ஏறியிருந்தது. அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எம்புள்ளைக்கு வெயிலே ஆவாது. சூட்டு உடம்பு. சின்னதுல அப்படி இல்ல, கேட்டியா. மெட்ராசுல ரெண்டு வருசம் வேல பாத்துட்டு வந்தாம்லா, அதுக்குப் பெறகுதான். ஓட்டல் சாப்பாடு உடம்பக் கெடுத்துட்டு."

மெழுகுவர்த்திச் சுடர் காற்றில் சாய்ந்தது. கையால் மறைத்துக்கொண்டேன். கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. மெட்ராசில் யாரோடு தங்கியிருந்தார், என்ன ஆனது. கேட்டால் இந்த அம்மாவுக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தேன்.

"ஆமா அத்த. ஓட்டல் சாப்பாடுதான்" என்றேன்.

அமலனின் கல்லில் வழிந்த மெழுகைச் சுரண்டினேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது நடக்கவில்லை. சில நாட்கள் அவருக்காக வருந்துகிறேன். தனக்கு என்ன என்று தெரியாமலே போய்விட்டார். சில நாட்கள், ஒரு முறை மருத்துவரிடம் காட்டியிருக்கலாமே என்று கோபம் வருகிறது. இரண்டும் மாறி மாறி வருகின்றன. இதற்கு மாத்திரை தரவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஸ்டீபன் கப்பலேறினார். அவர் போய் இரண்டு வாரத்தில் கரு உறுதியானது. செய்தியைச் சொல்ல அவர் கப்பலுக்கு இணைப்புக் கிடைக்க ஒரு நாள் ஆனது. மருத்துவர் தினசரி மாத்திரையை நிறுத்தினார். புண் வருவதுபோல் இருந்தால் உடனே எடுக்கச் சொல்லி ஒரு அட்டை மாத்திரையைக் கைப்பையில் வைக்கச் சொன்னார்.

புண் வருவதற்கு முந்தைய நாள் உடம்பு சொல்லிவிடும். இடது தொடையின் உள்பக்கம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், பிறகு ஒரு மெல்லிய துடிப்பு. மூன்றாம் மாதத்தில் ஒரு முறை அப்படி வந்தது. மாத்திரை எடுத்தேன், இரண்டே கொப்புளத்தோடு போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே ஏதாவது அசைந்தால் போதும், வேலையை நிறுத்திவிட்டு அங்கேயே கவனிப்பேன். தட்டச்சு செய்யும்போது, பூசையில் முழங்காலிடும்போது, பேருந்தில். முன்பு எனக்கு அப்படி ஓர் உடம்பு இருப்பதே தெரியாது. இப்போது மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் தெரிகிறது. நாட்களையும் அதை வைத்தே எண்ணுகிறேன். புண் வந்து இத்தனை வாரம், பிரசவத்துக்கு இத்தனை வாரம்.

ஐந்தாம் மாதம், மணப்பாட்டில் ஸ்டீபனின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு மதியம் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆத்தூர் தாண்டி முக்காணிப் பாலத்தில் வண்டி ஏறும்போது, அடிவயிற்றில், மிகவும் கீழே, ஒரு துடிப்பு.

வந்துவிட்டது என்று நினைத்தேன். பழகிய கை தானாகப் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தது. தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகினேன். மறுபடியும் துடித்தது. தொடையில் இல்லை. எரிச்சலும் இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே, உள்ளேயிருந்து, யாரோ விரலால் ஒரு முறை தட்டிவிட்டுக் காத்திருப்பதுபோல்.

மூடியைத் திருப்பி மூடினேன். பேருந்து பழையகாயலைத் தாண்டி, உப்பளங்களைத் தாண்டி, ஊருக்குள் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.